கணவரின் குடிநோய்க்கு இந்தப் பாலைவன ஊரில் சிகிச்சை கிடைக்குமா?

கலிஃபோர்னியாவின் கோச்செல்லா பள்ளத்தாக்கில் வசிக்கும் ஒரு சகோதரி எனக்கு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அங்கே தமிழ்க் குடும்பங்கள் குறைவு என்பதால், யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய கணவருக்கு 43 வயது. பள்ளத்தாக்குக்குக் கிழக்கே, பத்தாம் எண் நெடுஞ்சாலையை ஒட்டிய பாலைவனத்தில் அமைந்துவரும் சூரிய மின் நிலையங்களில் பொறியாளராக வேலை பார்க்கிறார். அவர் எச்-1பி விசாவிலும் மனைவி எச்-4 விசாவிலும் இருக்கிறார்கள். ஒன்பது வயதில் ஒரு மகள். வார இறுதியில் நண்பர்களோடு என்று தொடங்கிய குடி, நான்கு ஆண்டுகளில், ஒவ்வோர் இரவும் கராஜில் தனியாக உட்கார்ந்து 750 மில்லி விஸ்கி புட்டியில் முக்கால் பங்கைத் தீர்ப்பது வரை வந்துவிட்டது. காலையில் கை நடுங்குகிறது. ஒரு மடக்கு குடித்த பிறகுதான் நடுக்கம் நின்று வேலைக்குக் கிளம்ப முடிகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டுக் குடியை அடியோடு நிறுத்தியபோது, இரண்டாம் நாள் இரவு அவருக்கு வலிப்பு வந்தது. விரதத்தில் சரியாகச் சாப்பிடாததும் தூங்காததுமே காரணம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். மாலையைக் கழற்றியதும் குடி பழையபடி தொடர்ந்தது.

இப்போது, ஜூலையில் ஒரு வாரம் விடுப்பு எடுத்து, வீட்டுக்குள்ளேயே இருந்து குடியை விட்டுவிடுவதாகக் கணவரே சொல்லியிருக்கிறார். மதுரையிலிருக்கும் மாமியார், குழம்பில் கலந்து கொடுத்தால் குடியே வெறுத்துவிடும் என்று ஒரு மாத்திரையை அனுப்பிவைத்திருக்கிறார். இணையத்தில் கிடைத்த ஓர் எண்ணை அழைத்தபோது பேசியவர், விமானச் சீட்டும் நாங்களே தருகிறோம், வேறு மாநிலத்துக்கு வாருங்கள், கட்டணமே இல்லை என்றாராம். "பெரும்பணக்காரர்கள் போகும் அந்த ஓர் இடத்தைத் தவிர இந்தப் பாலைவனத்தில் வேறு என்ன இருக்கிறது? சிகிச்சை என்று பதிவானால் வேலையும் விசாவும் போய்விடாதா? பேசாமல் ஊருக்கு அழைத்துப் போய்விடலாமா? மகளிடம் என்ன சொல்வது?" என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

நான்கு ஆண்டுகளாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை எழுதியிருக்கிறீர்கள். எவ்வளவு குடிக்கிறார், எப்போது நடுங்குகிறது, எந்த நாளில் வலிப்பு வந்தது என்று ஒரு மருத்துவர் கேட்கக்கூடிய எல்லாமே அதில் இருக்கின்றன. அந்தக் கடிதத்தை அப்படியே அச்செடுத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் இடையில் ஒரு வரியாகச் சொல்லிச் சென்ற அந்த வலிப்புதான் எனக்கு மிகவும் அவசரமான செய்தியாகப் படுகிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

வலிப்புக்கு விரதம் காரணமல்ல

பல மாதங்கள் நாள் தவறாமல் மிகுதியாகக் குடிப்பவரின் மூளை, மது தரும் மந்தத்தை ஈடுகட்டுவதற்காகத் தன் இயக்கத்தை எப்போதும் உயர்த்தியே வைத்துக்கொள்ளப் பழகிவிடுகிறது. மது திடீரென்று நின்றால், மந்தம் விலகி அந்த மிகையான இயக்கம் மட்டும் கட்டுப்பாடின்றி எஞ்சுகிறது. காலையில் கை நடுங்குவது அதன் தொடக்கமே. கடைசியாகக் குடித்ததிலிருந்து 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 96 மணி நேரத்துக்குள், டெலிரியம் ட்ரெமென்ஸ் என்று மருத்துவர்கள் சொல்லும் கடும் குழப்பநிலை வரலாம். காய்ச்சல், இதயப் படபடப்பு, இல்லாதவை கண்முன் தெரிதல், ஆளும் இடமும் மறந்துபோதல் என்று அது தொடரும். சிகிச்சையின்றி விட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். உங்கள் கணவருக்கு இரண்டாம் நாள் இரவில் வந்த வலிப்பு இந்தக் கால அளவுக்குள் சரியாகப் பொருந்துகிறது. ஒருமுறை இப்படி வந்தவருக்கு அடுத்த முறை குடியை நிறுத்தும்போது வலிப்பு திரும்ப வருவதற்கும், முன்னைவிடக் கடுமையாக வருவதற்கும் வாய்ப்பு கூடுதல்.

ஆகவே, வீட்டிலேயே ஒரு வாரம் என்ற திட்டத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். நிறுத்த வேண்டும் என்று அவரே சொன்னது பெரிய விஷயம். அந்த விருப்பத்தை மருத்துவமனைக்குத் திருப்பிவிட வேண்டியதுதான் நம் வேலை. ஜூலை மாதம் என்பதால் அபாயம் இன்னும் கூடுகிறது. உங்கள் பள்ளத்தாக்கில் கோடையில் 110 ஃபாரன்ஹீட்டைத் தாண்டுவது வழக்கம். 2024 ஜூலையில் பாம் ஸ்பிரிங்ஸ் 124 பாகையைத் தொட்டது. குடியை நிறுத்தியவர் வியர்த்துக் கொட்டுவார், வாந்தி எடுப்பார், தண்ணீரைக்கூட வயிற்றில் நிறுத்த முடியாமல் தவிப்பார். வெப்பத்தாக்குதலும் மது விலகலும் இரண்டுமே குழப்பத்தையும் உடல் கொதிப்பையும் கொண்டுவருபவை. எது எது என்று வீட்டில் இருப்பவர்களால் பிரித்தறிய இயலாது. அவர் இப்போது இரவில் குடித்துவிட்டுக் கராஜிலேயே உறங்கிவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். மது உடலின் நீரை வெளியேற்றிவிடும். வெப்பம் ஏறுவதை உணர்ந்து எழுந்து செல்லும் தெளிவையும் பறித்துவிடும். சண்டை வந்தாலும் பரவாயில்லை, அவர் குடிக்கும் இடத்தைக் குளிரூட்டிய வீட்டுக்குள் மாற்றுங்கள்.

அடுத்து நான் சொல்வது உங்களுக்குத் திகைப்பாக இருக்கலாம். மருத்துவ மேற்பார்வை கிடைக்கும் நாள்வரை அவர் குடியை ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. புட்டிகளைக் கழுவுதொட்டியில் கொட்ட வேண்டாம், சாவியைப் பிடுங்கி அறைக்குள் பூட்ட வேண்டாம். வலிப்பு, குழப்பம், இல்லாததைப் பார்ப்பது, நிற்காத வாந்தி, காய்ச்சல், நெஞ்சுவலி ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே 911-ஐ அழையுங்கள். ராஞ்சோ மிராஜில் ஐசனோவர், பாம் ஸ்பிரிங்சில் டெசர்ட் ரீஜினல், இண்டியோவில் ஜான் எஃப். கென்னடி நினைவு மருத்துவமனை என்று உங்கள் பள்ளத்தாக்கிலேயே அவசர சிகிச்சைப் பிரிவுகள் இருக்கின்றன. 1986ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டப்படி, பணம் கட்டும் வசதியையோ காப்பீட்டையோ காரணம் காட்டாமல், அவசர நிலையில் வருபவரைப் பரிசோதித்து நிலைப்படுத்தியே ஆக வேண்டும். அங்கே பென்சோடயசெபின் வகை மருந்தால் வலிப்பைத் தடுப்பார்கள். நீண்டகாலக் குடியில் குறைந்துபோகும் தயமின் என்ற பி1 வைட்டமினை ஊசி வழியாகக் கொடுப்பார்கள். பெரும்பாலும் சில நாட்களில் உடல் தெளிந்துவிடும். அப்படித் தெளிந்து வீடு திரும்பியதையே குணமாகிவிட்டதாகக் கருதி அதோடு விட்டுவிடும் குடும்பங்கள் ஏராளம். சிகிச்சை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

தெரியாமல் கலக்கும் மாத்திரை

மாமியாரின் கவலை உண்மையானது. அவர் அனுப்பிய வழி ஆபத்தானது. குடியை வெறுக்கவைக்கும் என்று சொல்லிக் கொடுக்கப்படும் மாத்திரை பெரும்பாலும் டைசல்ஃபிராம். மது உடலில் சிதையும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருளை மேற்கொண்டு சிதையவிடாமல் அது தடுக்கிறது. அதனால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் சரிந்து, சிலருக்கு இதயமே பாதிக்கப்படலாம். மது உடலில் இருக்கும்போதோ, நோயாளிக்கு முழுமையாகத் தெரியாமலோ இதை ஒருபோதும் கொடுக்கக் கூடாது என்று அந்த மருந்தின் அமெரிக்கக் குறிப்பேட்டிலேயே கட்டமிட்ட எச்சரிக்கை இருக்கிறது. தினமும் முக்கால் புட்டி குடிப்பவருக்குக் குழம்பில் கலந்து கொடுத்தால் என்ன நேரும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை. மாத்திரையை மருத்துவரிடம் காட்டிவிட்டு அப்புறப்படுத்துங்கள். மாமியாரிடம், "டாக்டர் வேறு மருந்து தருகிறார், அத்தை" என்று சொன்னால் போதும்.

அது பொய்யும் அல்ல. நால்ட்ரெக்ஸோன் என்ற மருந்து குடியில் கிடைக்கும் இன்பத்தையும் குடிக்கும் வேட்கையையும் குறைக்கிறது; தினசரி மாத்திரையாகவும் மாதம் ஒருமுறை போடும் ஊசியாகவும் கிடைக்கிறது. கல்லீரல் நிலையைப் பார்த்து, ஓபியாய்டு வகை வலிநிவாரணி எதுவும் எடுக்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டே தொடங்குவார்கள். அகாம்ப்ரோசேட் என்பது நிறுத்தியவர் நிறுத்திய நிலையிலேயே இருக்க உதவுகிறது. இவற்றை எழுதித்தரச் சிறப்பு மையம் தேவையில்லை. உங்கள் குடும்ப மருத்துவரே தரலாம். இவை கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளும் அல்ல என்பதால் காணொளி வழி மருத்துவ ஆலோசனையிலும் எழுதித்தர முடியும். நிபுணர்கள் தொலைவில் இருக்கும் பாலைவன ஊர்களுக்கு இது மிகப் பெரிய வசதி. அப்படியிருந்தும் இந்த மருந்துகளைப் பற்றி எந்தக் குடும்பமும் எனக்கு எழுதும்போது கேட்பதில்லை; எல்லாருமே எந்த மையத்தில் சேர்ப்பது என்றுதான் கேட்கிறார்கள்.

பள்ளத்தாக்கில் கிடைப்பவை

நீங்கள் குறிப்பிடும் அந்த இடம் ராஞ்சோ மிராஜிலுள்ள பெட்டி ஃபோர்டு மையம். முன்னாள் அதிபரின் மனைவியான பெட்டி ஃபோர்டு, தாமே மதுவிலிருந்தும் மாத்திரைகளிலிருந்தும் மீண்ட பிறகு, தொழிலதிபர் லியோனார்டு ஃபயர்ஸ்டோனுடன் சேர்ந்து 1982இல் தொடங்கியது. 2014இல் மினசோட்டாவின் ஹேசல்டன் அமைப்புடன் இணைந்தது. பிரபலங்கள் சென்றதால் அது செல்வந்தர்களுக்கு மட்டும் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. உங்கள் காப்பீடு அங்கே செல்லுமா என்று கேட்டுப் பார்க்காமல் விலக்கிவிடாதீர்கள். அதே சமயம், அங்கே இடம் கிடைக்காவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்றும் எண்ண வேண்டாம்.

தங்கிச் சிகிச்சை பெறுவது பல படிநிலைகளில் ஒன்று மட்டுமே. உடல் தெளிந்த பிறகு, வாரத்துக்கு 9 மணி நேரமோ அதற்கு மேலோ நடக்கும் தீவிர வெளிநோயாளர் சிகிச்சை பலருக்குப் போதுமானதாக இருக்கிறது. மாலையில் நடத்தும் இடங்களும், காணொளி வழியாக நடத்தும் இடங்களும் உண்டு. யாருக்கு எந்தப் படிநிலை என்பதை அமெரிக்க அடிமைநோய் மருத்துவச் சங்கத்தின் அளவுகோலைக் கொண்டு முடிவுசெய்வார்கள். "அந்த அளவுகோலின்படி மதிப்பிட்டீர்களா?" என்று நீங்கள் கேட்கலாம், கேட்க வேண்டும். முப்பது நாள் எல்லாருக்கும் பொருந்தும் அளவு என்பதற்கு மருத்துவ அடிப்படை எதுவும் இல்லை.

உங்கள் ஊரைப் பொறுத்தவரை என் கருத்து இது: எவ்வளவு புகழ்பெற்ற இடம் என்பதைவிட, ஓராண்டு முழுவதும் அவரால் தொடர்ந்து போக முடிகிற இடமா என்பதையே பாருங்கள். பணியிடம் ஐம்பது மைல் கிழக்கே, சிகிச்சை பள்ளத்தாக்கின் மேற்கு முனையில் என்றால், மூன்றாம் வாரத்தில் நின்றுவிடும். அவர் வண்டி ஓட்டக் கூடாத நாட்களில் யார் அழைத்துப்போவது என்பதை முதலிலேயே முடிவுசெய்யுங்கள். சன்லைன் பேருந்துகள் ஓடுகின்றன என்றாலும், சிகிச்சையின் முதல் வாரங்களில் இருப்பவர் நண்பகல் வெயிலில் பேருந்து நிறுத்தத்தில் காத்திருப்பது நல்லதல்ல. வாரத்தில் ஒரு நாள் நேரில், மற்ற நாட்கள் காணொளியில் என்ற கலப்பு ஏற்பாடு உங்களுக்குப் பொருந்தும்.

தேடும்போது, காப்பீட்டு அட்டையின் பின்புறமுள்ள எண்ணில் தொடங்குங்கள். இது நிறுவனத்தின் மனிதவளத் துறைக்குப் போகும் அழைப்பு அல்ல. கலிஃபோர்னியா மாநிலத்தின் ஒழுங்குமுறைக்கு உட்பட்ட காப்பீடு என்றால், அவசரமில்லாத அடிமைநோய் ஆலோசனைச் சந்திப்பை 10 வேலைநாட்களுக்குள் தர வேண்டும். ஒப்பந்தத்திலுள்ள மையம் அருகில் இல்லையென்றால், வெளியிலுள்ள மையத்தை அதே கட்டண விகிதத்தில் ஏற்பாடு செய்துதர வேண்டும். 2021 முதல் நடைமுறையிலிருக்கும் மாநிலச் சட்டம் இதை வலியுறுத்துகிறது. "உங்கள் பகுதியில் யாரும் இல்லை" என்ற பதிலை ஏற்றுக்கொண்டு தொலைபேசியை வைத்துவிடாதீர்கள். மறுத்தால் மாநில நிர்வகிப்பு மருத்துவப் பராமரிப்புத் துறையின் உதவி எண் 1-888-466-2219 இருக்கிறது. நிறுவனமே செலவை ஏற்கும் வகைக் காப்பீட்டுக்கு இந்த மாநில விதிகள் பொருந்தாமல் போகலாம் என்பதால், எந்த வகை என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இவற்றுடன் போதைப்பழக்கத்துக்கும் மனநலத்துக்குமான கூட்டரசின் சாம்சா அமைப்பு நடத்தும் 1-800-662-4357 என்ற எண் 24 மணி நேரமும் இலவசமாக, பெயர் கேட்காமல் அருகிலுள்ள இடங்களைச் சொல்லும்.

விமானச் சீட்டு தருவதாகச் சொன்னவரை மீண்டும் அழைக்காதீர்கள். நோயாளிகளைச் சேர்த்துவிட்டுத் தரகுப் பணம் பெறும் வணிகம் அமெரிக்காவில் பெரும் பிரச்சினையாகிக் கலிஃபோர்னியா அதைச் சட்டத்தால் தடை செய்திருக்கிறது. இலவச விமானப் பயணம், காப்பீட்டில் நோயாளி கட்ட வேண்டிய பங்கைத் தள்ளுபடி செய்வது, மையத்தின் பெயரைச் சொல்லாமல் காப்பீட்டு எண்ணை முதலில் கேட்பது ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். தங்கிச் சிகிச்சை தரும் இடங்களுக்கு மாநிலச் சுகாதாரப் பராமரிப்புச் சேவைத் துறையின் உரிமம் வேண்டும். அந்தப் பட்டியலை எவரும் பார்க்கலாம். மது அருந்தாதோர் கூடி வாழும் வீடுகள் என்பவை சிகிச்சை நிலையங்கள் அல்ல, அவற்றுக்கு அந்த உரிமமும் கிடையாது.

ஊருக்கு அழைத்துப்போவதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். சென்னையில் 1980 முதல் இயங்கும் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை போன்ற நல்ல இடங்கள் நம்மிடம் உண்டு. தமிழிலேயே பேசி அழ முடிவதன் மதிப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இருபது மணி நேர விமானப் பயணத்தில் குடியில்லாமல் அவருக்கு வலிப்பு வந்தால் உதவ ஆளில்லை. தெளிந்து திரும்பினாலும், அதே கராஜ், அதே வேலை, தொடர்ந்து பார்க்க உள்ளூரில் மருத்துவர் இல்லாத நிலை. இங்கே தொடங்கி நிலைப்பட்ட பிறகு ஊருக்குப் போவது பற்றி யோசியுங்கள்.

குடியை விட விரும்புவோர் கூடி ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் உங்கள் பள்ளத்தாக்கில் நாள்தோறும் நடக்கின்றன, கட்டணம் இல்லை. அவை பக்திக் கூட்டங்கள் என்ற தயக்கம் உங்களுக்கு இருப்பது தெரிகிறது. கடவுளைத் தாம் புரிந்துகொண்ட வகையில் எடுத்துக்கொள்ளச் சொல்வதே அவர்களின் வழக்கம். ஐயப்பனைக் கும்பிடுபவருக்கு அங்கே தடையில்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, முழுமையாகக் குடியை விட்டிருப்பதில் இவ்வழி மற்ற உளவியல் சிகிச்சைகளுக்குக் குறைந்ததல்ல என்று காட்டியது. அது பிடிக்காவிட்டால், கடவுளைப் பற்றிய பேச்சில்லாத ஸ்மார்ட் ரெகவரி என்ற உதவிக் குழு இருக்கிறது.

வேலையும் விசாவும்

அவருடைய சிகிச்சைப் பதிவுகளைக் கூட்டரசின் தனி விதி பாதுகாக்கிறது. மருத்துவ அவசரம், நீதிமன்ற உத்தரவு போன்ற சில விலக்குகள் தவிர, அவருடைய எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் நிறுவனத்துக்குச் சொல்ல முடியாது. உங்களுக்கும் சொல்ல மாட்டார்கள். ஆகவே முதல் நாளே உங்கள் பெயருக்கு ஒப்புதல் படிவத்தில் அவரைக் கையெழுத்திடச் சொல்லுங்கள். விடுப்பைப் பொறுத்தவரை, கூட்டரசின் குடும்ப மருத்துவ விடுப்புச் சட்டம் 75 மைல் சுற்றளவில் 50 ஊழியர்கள் இருக்க வேண்டும் என்கிறது. பாலைவனப் பணியிடங்களில் இது சில சமயம் இடறும். கலிஃபோர்னியாவின் சட்டத்துக்கு 5 ஊழியர்கள் போதும். ஓராண்டு வேலை பார்த்து, அதில் 1,250 மணி நேரம் உழைத்திருந்தால் 12 வாரம் வரை ஊதியமில்லா விடுப்பு கேட்கலாம். மருத்துவச் சான்றில் நோயின் பெயர் இருக்க வேண்டியதில்லை. 25 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள நிறுவனம், தாமாக முன்வந்து குடிநோய் சிகிச்சைக்குப் போகிறவருக்கு நியாயமான வசதி செய்துதரவும் மாநிலச் சட்டம் சொல்கிறது. இவை வேலை நேரத்தில் குடித்திருப்பதற்குப் பாதுகாப்பு அல்ல. காலையில் குடித்துவிட்டு மின் நிலையத்துக்கு வண்டியோட்டிப் போவதில்தான் அவருடைய வேலை ஊசலாடுகிறது.

விசாவிலும் அப்படியே. குடித்துவிட்டு வண்டியோட்டிக் கைதானாலே, தண்டனை வருவதற்கு முன்பே வெளியுறவுத் துறை விசாவை ரத்துசெய்யலாம். அதன்பின் வெளிநாடு சென்று திரும்பும்போது புதிய விசாவும் மருத்துவப் பரிசோதனையும் தேவைப்படும். தாமாக முன்வந்து மருத்துவரைப் பார்த்தது அதைப் போன்றதல்ல. பச்சை அட்டை விண்ணப்பத்தின் மருத்துவப் பரிசோதனையில் குடி பற்றிய கேள்வி வரும் என்பதால், ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் ஒருமுறை கலந்து பேசிக்கொள்ளுங்கள். சிகிச்சையைத் தள்ளிப்போடுவதற்கு அதைக் காரணமாக்க வேண்டாம்.

அவரிடமும் மகளிடமும் பேசுவது

அவரைப் பலவந்தமாகச் சேர்க்க நடைமுறையில் உங்களால் இயலாது. அதற்குத் தேவையும் இப்போது இல்லை. உறவினரைக் கூட்டிவைத்துக் குற்றம்சாட்டும் முறையைவிட, கிராஃப்ட் என்ற குடும்பப் பயிற்சிமுறை சிறப்பாக வேலை செய்கிறது. 1999இல் வெளியான ஓர் ஆய்வில், அதைக் கற்ற குடும்பங்களில் 64 விழுக்காட்டினர் தம்மவரைச் சிகிச்சைக்கு வரவழைத்தார்கள். கூட்டிவைத்து எதிர்கொள்ளும் முறையில் அது 30 விழுக்காடே. போதை ஏறாமலும் நடுங்காமலும் இருக்கும் நேரத்தில், மருத்துவமனையில் முன்கூட்டியே பேசி நாளைக் குறித்துக்கொண்டு, "விரதத்தில் உங்களுக்கு வந்த வலிப்பு குடியைச் சட்டென்று நிறுத்தியதால் வந்தது என்று டாக்டர் சொல்கிறார். நீங்கள் சொன்னபடியே நிறுத்தலாம், இந்த முறை ஆஸ்பத்திரியில். நானும் கூடவே இருக்கிறேன்" என்று சொல்லுங்கள். கடந்த நான்கு ஆண்டுகளின் கணக்கை அந்தப் பேச்சுக்குள் கொண்டுவர வேண்டாம். உங்களுக்கென்று, குடிப்பவர்களின் குடும்பத்தினர் கூடும் அல்-அனான் கூட்டங்கள் இருக்கின்றன; காணொளியிலும் உண்டு. அவர் எப்போதாவது உங்களை அடித்தாலோ மிரட்டினாலோ, குடும்ப வன்முறைக்கான தேசிய உதவி எண் 1-800-799-7233-ஐ நினைவில் வைத்திருங்கள்.

மகளைப் பள்ளியிலிருந்து ஒருமுறை குடித்துவிட்டு அழைத்துவந்ததாக எழுதியிருக்கிறீர்கள். இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. சிகிச்சை நிலைப்படும்வரை அவர் ஓட்டும் வண்டியில் மகள் ஏறக் கூடாது. நீங்களோ நம்பிக்கையான ஒரு தோழியோ அழைத்துவாருங்கள், பள்ளியிலும் அழைத்துப்போகும் பெயர்களை மாற்றிக்கொடுங்கள். ஒன்பது வயதுக் குழந்தைக்கு வீட்டில் நடப்பது ஏற்கெனவே தெரியும். "அப்பாவுக்குக் குடியால் உடம்பு சரியில்லை. டாக்டரிடம் போகப்போகிறோம். இது உன்னால் வந்தது இல்லை. அப்பாவைப் பார்த்துக்கொள்வது உன் வேலையும் இல்லை. அப்பா விழுந்துவிட்டாலோ எழுப்பினால் எழவில்லை என்றாலோ 911-ஐ அழை" என்று சொல்லுங்கள். அந்த எண்ணை அவள் தானாகவே அழைக்கும்படி பழக்கிவிடுங்கள். இதை அவளிடம் இந்த வாரமே பேசிவிடுங்கள். மருத்துவமனை நாள் முடிவாகும்வரை காத்திருக்க வேண்டாம்.